வாள்வெட்டு, வீட்டுக் களவு, போதை: முதல் முறைப்பாட்டிலிருந்து தீர்ப்பு வரை

யாழ்ப்பாணத்து வாள்வெட்டு வழக்குகளும் களவு வழக்குகளும் பல, சம்பவம் நடந்த முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே பாதி தோற்றுப் போகின்றன. பொலிஸ் புத்தகத்தில் நாலு வரி மட்டும் எழுதப்பட்டிருக்கும். இரத்தம் பட்ட சேட்டை வீட்டில் தோய்த்துக் காயப்போட்டிருப்பார்கள். முன்வீட்டுக் கமரா பதிவின் மேல் புதுப்பதிவு ஏறியிருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து, “சந்தேகத்தின் பலன் எதிரிக்கு” (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) என்று தீர்ப்பு வரும்போது சனம் நீதிமன்றத்தைத் திட்டுகிறது. நீதவானுக்கு முன்னால் இருப்பதோ அந்த நாலு வரி மட்டும்தான். ஆகவே இந்த வழிகாட்டி முதல் நாளைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறது.

என்ன வகைக் குற்றம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

வாள்வெட்டு என்று ஒரே பெயர் சொன்னாலும் காரணங்கள் வேறு வேறு. காதல் விவகாரம், காணி எல்லை, கொடுக்கல் வாங்கல், விளையாட்டுக் கழகச் சண்டை ஆகியவற்றில் ஏதோ ஒன்றுக்குப் பழிவாங்க, சம்பந்தமில்லாத இளைஞர்களைக் காசு கொடுத்து ஏவுவது ஒரு வகை. காசு வெளிநாட்டிலிருந்து வருவதும் உண்டு. இப்படி வருகிறவர்கள் ஆளைவிடப் பொருளைத்தான் முதலில் உடைப்பார்கள்: படலை, யன்னல் கண்ணாடி, முற்றத்தில் நிற்கும் வாகனம். அது ஒரு செய்தி. இரண்டாவது வகை, இரண்டு குழுக்களுக்கு இடையில் யார் பெரியவன் என்ற போட்டி. இதில் நேற்று வெட்டு வாங்கியவனே நாளை வெட்டப் போவான். அதனால் இரு பக்கமும் பொலிசுக்கு வாய் திறக்காது. களவு வேறு கதை. ஆள் இல்லாத வெளிநாட்டார் வீடு, தனியே இருக்கும் வயோதிபர், வெளிச்சமில்லாத ஒழுங்கையில் சைக்கிளில் வரும் பெண்ணின் கழுத்துச் சங்கிலி, தோட்டக் கிணற்றடியில் நிற்கும் தண்ணீர் பம்ப், செம்புக் கம்பி. சின்னச் சின்னப் பொருட்கள் திரும்பத் திரும்பக் களவு போகிற ஊரில் போதைப்பொருள் பாவனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக்கு நீரிணை குறுகியது. வடமராட்சி, மாதகல், தீவகக் கரைகளால் கேரள கஞ்சா இறங்குவது புதிதல்ல. ஹெரோயினும் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளும் ஊருக்குள் வந்த பிறகு, ஒரு நாள் தேவைக்கான காசுக்காக எதையும் கழற்றி விற்கும் இளைஞர்கள் உருவாகியிருக்கிறார்கள். வேலையின்மை, பாதியில் விட்ட படிப்பு, போருக்குப் பிறகு சிதறிய குடும்பங்கள், 2022இன் பொருளாதார நெருக்கடி எல்லாம் இதற்குள் இருக்கின்றன. ஆனால் ஏழ்மைதான் காரணம் என்று முடித்துவிடுவது பிழை. வாளோடு பிடிபடுகிறவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும், வெளிநாட்டுக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

இதைப் பிரித்தறிவதில் உங்களுக்கு நேரடிப் பயன் உண்டு. உங்களுக்கும் வெட்டியவருக்கும் முன்பகை இல்லையென்றால், “எனக்கு யாரோடும் பகை இல்லை” என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் காணி, கடன், கலியாணப் பேச்சு எதிலாவது உங்கள் குடும்பத்தில் முரண்பாடு இருந்ததா, மிரட்டல் அழைப்பு வந்ததா, எந்த இலக்கத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். ஏவியவரைத் தேடத் தொடங்கும் இடம் அதுதான்.

வெட்டுக்காயம் என்றால்

இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 1990 அம்புலன்ஸை அழையுங்கள், 119க்கும் அறிவியுங்கள். துணி நனைந்தால் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். விரல் நேரே ஐஸில் பட்டால் திசு கருகிவிடும், பொருத்த முடியாது.

உடுப்பைக் கழற்ற வேண்டி வந்தால் வாள் கிழித்த இடத்தை விட்டு வேறு இடத்தால் வெட்டுங்கள். காற்றில் உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே கடதாசிப் பையில் போட்டுப் பொலிசிடம் கொடுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் ஈரத்தில் இரத்தம் பழுதாகும். இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டுப் பெண்கள் அன்றிரவே தோய்த்துவிடுவார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை; யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது, எப்படிக் காயம் வந்தது என்று கேட்பார்கள். பயத்தில் “விழுந்துவிட்டேன்” என்று சொல்பவர்கள் பலர். அந்த ஒரு சொல் கட்டில் அட்டையில் பதிந்துவிடும். பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் முதலில் கேட்பார். யார் வெட்டியது என்று சொல்லப் பயமென்றால் அதைச் சொல்லாமல் விடலாம், ஆனால் வெட்டுக்காயம் என்பதை மாற்றிச் சொல்லக் கூடாது.

பொலிஸார் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பார்க்க வேண்டும். காயம் சாதாரணமா, பாரதூரமானதா, உயிருக்கு ஆபத்தானதா என்று அவர் வகைப்படுத்துவதைப் பொறுத்தே குற்றச்சாட்டு அமையும். தண்டனைச் சட்டக்கோவையில் 314 சாதாரண காயம், 315 ஆபத்தான ஆயுதத்தால் காயம், 316 கடுங்காயம், 317 ஆபத்தான ஆயுதத்தால் கடுங்காயம், 300 கொலை முயற்சி. எலும்பில் வெட்டு, பல் உடைவு, முகத்தில் நிரந்தர வடு எல்லாம் கடுங்காயத்துக்குள் வரும். சின்ன வெட்டு என்று தையல் போட்டுவிட்டு, சட்ட வைத்திய அதிகாரியைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தவர்களின் வழக்கு 314இல் நின்று, மத்தியஸ்த சபைக்குப் போய்ச் சமாதானத்தில் முடிவது வழமை. எக்ஸ்-ரேயில் எலும்பு வெட்டு தெரிந்தால் அது அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

களவு என்றால்

அலுமாரியைத் திறந்து என்ன போயிருக்கிறது என்று பார்க்கத்தான் மனம் துடிக்கும். பார்க்காதீர்கள். அயலட்டையும் உள்ளே வரவிடாதீர்கள். கைரேகை எடுக்கவும் மோப்பநாய் கொண்டுவரவும் பொலிசார் வருவார்கள். 20 பேர் நடந்த முற்றத்தில் நாய்க்கு வாசனை பிடிபடாது. உடைத்த பூட்டு, விட்டுப்போன கம்பி, மதிலடிச் செருப்புத் தடம் ஆகியவற்றின் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். மழை வந்தாலும் காக்கும்.

நகைக்குப் பவுண் கணக்கு மட்டும் போதாது. பற்றுச்சீட்டு, நகை தெரியும் கலியாணப் படம், தாலியின் வேலைப்பாடு, முன்பு அடகு வைத்திருந்தால் அந்தத் துண்டு ஆகியவற்றைக் கொடுத்தால்தான் அடகுக்கடையில் பிடிபடும்போது உங்களுடையது என்று நிறுவலாம். தொலைபேசிக்கு 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும், பெட்டியில் இருக்கும். இன்றே வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசியிலும் *#06# அழுத்தி எழுதிவையுங்கள். தண்ணீர் பம்பின் தொடரிலக்கத்தையும் அப்படியே. பழைய இரும்பு வாங்குபவர் களவுப்பொருள் என்று தெரிந்து வாங்கினால் அதுவும் குற்றம், ஆனால் இலக்கமில்லாத பம்ப் யாருடையது என்று யாரும் சொல்ல முடியாது.

களவெடுக்க வந்தவர் பிடிபட்டால் கட்டி வைத்து அடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. சட்டம் பொதுமகனுக்கும் கைதுசெய்யும் அதிகாரம் கொடுத்திருக்கிறது, ஆனால் தாமதமின்றிப் பொலிசிடம் ஒப்படைக்க வேண்டும். அடித்தால் அடித்தவர் எதிரியாவார்; களவெடுத்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முறைப்பாட்டாளராகப் படுத்திருப்பார். அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வீடியோ எடுத்துப் போடுவதும் வழக்கைக் கெடுக்கும். பொலிசிடம் கொடுத்த குற்ற ஒப்புதலையே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு எதிரிக்கு எதிராக ஏற்காது. அந்த வாக்குமூலத்தால் ஒரு வாளோ நகையோ கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் 27ஆம் பிரிவின் கீழ் உள்ளே வரும்.

கமரா

வீட்டு, கடைக் கமராக்கள் பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமைக்குள் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதும். சம்பவத்தன்றே ஒழுங்கையின் இரு முனையிலும் யார் வீட்டில் கமரா இருக்கிறதென்று பட்டியலிட்டுப் பொலிசிடம் கொடுங்கள். திரையில் ஓடும் நேரத்தையும் கைத்தொலைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்துவையுங்கள். பெட்டியின் கடிகாரம் 20 நிமிடம் பிந்தி ஓடினால், குற்றம் நடந்த நேரத்தில் எதிரி வேறிடத்தில் நின்றதாக ஆகிவிடும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி ஒளிப்பதிவைச் சான்றாக வைக்க, விசாரணைக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் சட்டத்தரணி இதைப் பொலிசாருக்கு நினைவூட்டட்டும்.

சந்தேகநபரின் முகத்தை முகநூலில் போடாதீர்கள். அடையாள அணிவகுப்பில், பலரோடு வரிசையில் நிற்கும் அவரை நீங்கள் காட்டும்போது, “சம்பவத்தில் கண்டீர்களா, படத்தில் கண்டீர்களா” என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

முறைப்பாடு எழுதும் மேசையில்

சம்பவம் நடந்த இடம் எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறதோ அங்கே போங்கள். நீதிமன்றமும் அதைப் பொறுத்தே. சுன்னாகம் பொலிஸ் கோவை மல்லாகத்துக்கும், நெல்லியடி பருத்தித்துறைக்கும், கொடிகாமம் சாவகச்சேரிக்கும் போகும்.

வாக்குமூலம் நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுதப்பட வேண்டும், வாசித்துக் காட்டப்பட வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 109ஆம் பிரிவு இது. தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் இல்லையென்றால், நீங்களே தமிழில் எழுதித் தரும்படி கேட்பார், எழுதிக் கொடுங்கள். விளங்காத மொழியில் எழுதியதன் கீழ் கையெழுத்து வைக்காதீர்கள்.

இப்படி எழுதப்பட்டால் பயனில்லை: “நேற்றிரவு சில நபர்கள் வந்து என்னை வாளால் வெட்டிவிட்டுச் சென்றனர்.”

இப்படி இருக்க வேண்டும்: “வெள்ளிக்கிழமை இரவு 8.40 அளவில், எங்கள் ஒழுங்கை முகப்பில், மின்கம்ப வெளிச்சத்துக்குக் கீழே நின்றேன். இரண்டு மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர் வந்தனர். முன்னால் வந்தது சிவப்பு, இலக்கத்தகடு இல்லை. முகத்தைத் துணியால் மூடியிருந்தனர். பின்னால் இருந்த உயரமானவர் இடக்கையால் வெட்டினார். அப்போது துணி கழன்றது. ஒரு முழத் தூரத்தில் நாலைந்து செக்கன் முகத்தைக் கண்டேன். பெயர் தெரியாது. மறுபடி கண்டால் அடையாளம் காட்டுவேன்.”

வெளிச்சம், தூரம், எத்தனை செக்கன், யார் என்ன செய்தார் ஆகிய நாலும்தான் குறுக்கு விசாரணையில் உடைக்கப் பார்க்கும் இடங்கள். கடைசி வசனம் இல்லையென்றால் அடையாள அணிவகுப்புக்கே வழியில்லை. பெயர் தெரிந்தால் முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள். மூன்று நாள் கழித்துச் சொல்லும் பெயர் பின்யோசனையாகப் பார்க்கப்படும். அதைவிடக் கேடு, பழைய கோபத்துக்கு அங்கே நிற்காத ஒருவரின் பெயரையும் சேர்த்துவிடுவது. அவர் அன்று கொழும்பில் நின்றதை நிரூபித்தால், உண்மையாக வெட்டிய நாலு பேரும் அவரோடு சேர்ந்து வெளியே போவார்கள்.

முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் பக்கத்தையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். பதிய மறுத்தால் பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள்; அங்கும் நடக்காவிட்டால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, தபால் துண்டை வைத்திருங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம்.

உங்கள் பிள்ளையைக் கைதுசெய்தால்

இந்தப் பக்கத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். வாள்வெட்டு நடந்த மறுநாள் ஊரில் நின்ற பெடியளை எல்லாம் ஏற்றிப்போவது நடக்கிறது. அதில் குற்றமற்ற பிள்ளையும் இருக்கும். 2016 ஒக்ரோபரில் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் பொலிசார் சுட்ட சம்பவத்தில் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பொலிசிடம் போகத் தயங்கும் மனம் காரணமில்லாமல் வந்ததல்ல.

கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பிடித்த நேரத்தை எழுதிவையுங்கள், கண்ட அயலவர் பெயரோடு. எந்த நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியாவிட்டால் அல்லது அடிப்பதாக அறிந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கோ யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கோ அன்றே அறிவியுங்கள். அடித்திருந்தால் நீதவான் முன் வாய் திறந்து சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். வீங்கிய பாதம் ஒரு கிழமையில் வற்றிவிடும். சித்திரவதைக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் 7 முதல் 10 வருடச் சிறை என்கிறது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆணைக்குழுவில் முறைப்பாடு விசாரணையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் குற்றப்பொறுப்பே இல்லை.

பிணை

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது. வெட்டுப்பட்டவரின் குடும்பம் இதைக் கேட்டுக் கொதிக்கும். “நேற்றுப் பிடித்தார்கள், இன்று வெளியே” என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இலஞ்சம் இல்லை, இந்தச் சட்டம்தான். மறுக்கக் காரணங்கள் குறிப்பானவை: தவணைக்கு வரமாட்டார், சாட்சியைக் குழப்புவார், பிணையில் நின்று குற்றம் செய்வார், விடுவித்தால் பொதுமக்கள் கொந்தளிப்பர். ஆகவே எதிரி தரப்பு உங்களை மிரட்டியிருந்தால் அதைத் தனி முறைப்பாடாகப் பதிந்து, இலக்கத்தை உங்கள் சட்டத்தரணி மூலம் நீதவானுக்குக் காட்டுங்கள். வெறுமனே “பயமாக இருக்கிறது” என்பது நிற்காது. சாட்சிகளின் பாதுகாப்புக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் அதன் தேசிய அதிகாரசபையும் இருக்கின்றன. சாட்சியை மிரட்டுவதே அச்சட்டத்தில் தனிக் குற்றம்.

விளக்கமறியல் வழமையாக 14 நாட்களுக்கு ஒருமுறை நீடிக்கப்படும். பிணை கிடைத்தாலும் அன்றே வெளியே வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பிணையாளியின் கடதாசிகள். அடையாள அட்டை, விதானையார் (கிராம அலுவலர்) தந்து பிரதேச செயலர் ஒப்பமிட்ட வதிவிடச் சான்று ஆகியவற்றை முதல் நாளே தயாராக வையுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் விதானையாரைத் தேடி ஓடினால் பிள்ளை திங்கள் வரை உள்ளே.

போதைப்பொருள் வழக்கு இந்த விதிக்குள் வராது. ஹெரோயின் 2 கிராம், ஐஸ் 5 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் தண்டனை மரணம் அல்லது ஆயுள்சிறை. மரணதண்டனை 1976க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை. கணக்கெடுப்பது பொட்டலத்தின் நிறையை அல்ல, அரச பகுப்பாய்வாளர் அறிக்கையில் வரும் தூய அளவை. இத்தகைய வழக்கில் தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்தான் பிணை தரும். போதைப்பொருள் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் இது. நாளாந்தப் பாவனைக்காகப் பிடிபட்ட பிள்ளைக்குச் சிறையைவிடச் சிகிச்சை வேண்டும் என்று நீதவானிடம் கேட்க 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. வெட்கத்தில் ஒளித்து வைக்காமல் மனநல வைத்தியரின் அறிக்கையோடு போங்கள்.

தவணைகள்

பொலிசார் பி அறிக்கை மூலம் நீதவானுக்கு விடயத்தைச் சொல்வார்கள். அதன் பிரதியை எடுங்கள். பாரதூரமான வழக்கில் கோவை சட்டமா அதிபரிடம் போய், குற்றப்பத்திரமாக மேல் நீதிமன்றத்துக்குத் திரும்பும்; அதற்கு வருடங்கள் எடுக்கலாம். விரைவாகவும் முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு: 2015 மே மாதம் நடந்த புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் 2017 செப்ரெம்பரில் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. அதே மே மாதத்தில் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல்லெறிந்த கோபத்தால் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர் விளக்கமறியலுக்குப் போனதுதான் மிச்சம்.

காத்திருக்கும் காலத்தில் சாட்சிகள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போய்விடுகிறார்கள். யாருக்காவது விசா வரும் போலிருந்தால் வழக்கை நடத்தும் பொலிசுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். வீடு மாறினால் புது விலாசத்தைப் பொலிசிலும் நீதிமன்றப் பதிவாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். அழைப்பாணை பழைய விலாசத்துக்குப் போய், நீங்கள் வராமல், உங்களுக்கே பிடியாணை பிறக்கலாம். மீட்கப்பட்ட நகையையோ மோட்டார் சைக்கிளையோ வழக்கு முடியும்வரை சான்றுப்பொருள் அறையில் விட வேண்டியதில்லை. உரிமைப் பத்திரத்தோடு நீதவானிடம் விண்ணப்பித்து, கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணைமுறியில் ஒப்பமிட்டு எடுக்கலாம். படமெடுத்துப் பதிந்த பின் தருவார்கள்.

தீர்ப்பன்று நட்டஈடு பற்றி யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். மருந்துச் சிட்டை, வேலை இழந்த நாட்களின் கணக்கு ஆகியவற்றைத் தண்டனை சொல்லும் முன்பே வழக்கு நடத்துபவரிடம் கொடுங்கள். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீடு செய்ய 14 நாள்தான். எதிரி விடுதலையானால் சட்டமா அதிபரின் அனுமதியோடுதான் மேன்முறையீடு. ஆகவே தீர்ப்பு வாசித்த அன்றே பதிவாளர் அலுவலகத்தில் சான்றுபடுத்திய பிரதிக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.